பிள்ளையின் வயதும் ஓர் எல்லைக்கல்

காணி செய்கின்ற மக்களுக்கு எல்லைக்கல்லின் அருமையை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல் இருந்த இடத்தில் இருக்கும்வரை பக்கத்துக் காணிக்காரரும் நாமும் ஒரே ஓடையில் தண்ணீர் பாய்ச்சலாம். ஓர் இரவில் அது இரண்டடி நகர்ந்துவிட்டால், உறுதி கையில் இல்லாதவர்தான் தோற்றுப்போவார். கல்லை நகர்த்துபவர் பெரும்பாலும் பலமுள்ளவர். அது நகர்ந்ததை நிரூபிக்க வேண்டியவரோ ஏழை.

பிள்ளைக்கும் அப்படி ஓர் எல்லைக்கல் உண்டு. அது 18 வயது. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஒருவரின் கையில் துவக்கைக் கொடுப்பது குற்றம். அவரைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்துவைப்பது தவறு. அவருக்கு உரிய இடம் தாய் தகப்பனின் வீடும் பாடசாலையும். கல்லைத் தாண்டிவிட்டால் அவர் பெரியவர், தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. சட்டம் தரும் பாதுகாப்பு எல்லாம் ஒரேயொரு கேள்வியில் தங்கியிருக்கிறது: இந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது? அந்தக் கேள்விக்கு யார், எப்படி, எந்த நாளை வைத்துப் பதில் சொல்வது என்பதைப் பற்றியே இந்த இதழில் பேச விரும்புகிறோம். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி முடியவில்லை.

தாள் இல்லாத சனங்கள்

தெமோதரை, ஹாலிஎல, பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் வயது என்பது எப்போதுமே சிக்கலான விடயம். தோட்டத்தில் பிறப்பு நிகழ்ந்தால் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்து, நிர்வாகத்தின் மூலம் பதிவாளருக்குத் தகவல் போகவேண்டும் என்பது பழைய ஏற்பாடு. இடையில் எத்தனையோ நடக்கும். கிளாக்கர் எழுதும்போது பெயர் மாறும்; தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் இன்னொன்று என்று ஆகும். லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளையைப் பற்றிய தகவல் சில வேளைகளில் போகாமலே நின்றுவிடும். பாடசாலைக்குச் சேர்க்கப் போகும்போதுதான் தாள் இல்லை என்பது தெரியவரும்.

இந்த மக்களிடம் தாள் கேட்பது புதிய கதையல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறையிடம் அதைக் கேட்டார்கள். நிரூபிக்க முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்குச் சட்டப்படி முடிவு வந்தது 2003ஆம் ஆண்டில்தான். தெமோதரை ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட ரயில் மலையைச் சுற்றி அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தினூடாக வருவதுபோல, எமது சனங்களும் கந்தோர் கந்தோராகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு மேல் இடப்பெயர்வு. 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குப் போயின. கொழுந்து பறித்த கைகள் காடு வெட்டின. உழுந்தும் கச்சானும் விதைத்தன. அங்கே பிறந்த பிள்ளைகளுள் பதிவு செய்யப்பட்டோரும் உண்டு, செய்யப்படாதோரும் உண்டு. 1996இல் கிளிநொச்சியைவிட்டு ஓடியபோதும், 2008இலும் 2009இலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும், கையில் எடுத்தது பிள்ளைகளையும் ஒரு பானையையும்தான். ட்ரங்குப் பெட்டி எங்கோ மண்ணுக்குள் போய்விட்டது. அப்படி எல்லாவற்றையும் இழந்து, உறவைத் தேடி ஊவாவுக்குத் திரும்பி, குத்தகைக் காணியில் மரக்கறி செய்துவரும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது நன்றாகப் புரியும்.

யுத்தத்தில் வயதின் விலை

1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவது பிள்ளையின் உரிமை என்று அதன் 7ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் யுத்தத்தில் ஈடுபடுத்தும் விடயத்தில் அதே சமவாயம் 15 வயது என்ற எல்லையையே வைத்தது. அந்தக் குறையைத் திருத்த 2000 மே மாதத்தில் விருப்பத்துக்குரிய ஒரு நெறிமுறை நிறைவேற்றப்பட்டு எல்லை 18க்கு உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை அதனை ஏற்றுக்கொண்டது. 2006இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, ஆயுதப் போருக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது நாட்டின் சட்டப்படியும் குற்றமாயிற்று.

தாளில் கல் நன்றாக நாட்டப்பட்டது. தரையில் நடந்தது வேறு. 2003 முதல் 2008 வரையான காலத்தில் விடுதலைப் புலிகள் சேர்த்துக்கொண்ட சிறுவர்கள் என்று யுனிசெப் பதிவுசெய்தோர் தொகை 6,000க்கும் அதிகம். கிழக்கில் பிரிந்துசென்ற கருணா அணியும் சிறுவர்களைச் சேர்த்தது. 2008 டிசம்பரில்தான் அதன் கட்சி, சிறுவர்களை விடுவிப்பதாக அரசுடனும் யுனிசெப்புடனும் செயற்திட்டத்தில் கையொப்பமிட்டது. பிள்ளை தானே வயதைக் கூட்டிச் சொன்னது என்பது இப்படிச் சேர்ப்பவர்கள் எங்கும் சொல்லும் பதில். பிறந்த திகதியைக் காட்டும் தாளோடு போய்க் கேட்ட தாய்க்கு வாதாட ஒரு பிடி இருந்தது. தாள் இல்லாத தாய்க்கு அழுகை மட்டுமே இருந்தது.

அரசின் பக்கத்திலும் வயதுக்குரிய மதிப்பு கிடைக்கவில்லை. இதற்கு நாம் தூரத்துக்குப் போகவேண்டியதில்லை. எமது மாவட்டத்திலேயே, பண்டாரவளைக்கு அருகில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம் இருந்தது. சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமாக 41 தமிழர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். இயக்கத்தில் இருந்த சிறுவர்களும் அவர்களுள் இருந்தார்கள். சிறுவர், பெரியவர் என்ற பிரிவு இல்லை. எல்லோரும் ஒரே முகாமில். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை ஒரு கூட்டம் முகாமுக்குள் புகுந்தது. காவலுக்கு ஆயுதம் தாங்கிய பொலிஸார் நின்றிருந்தும் 27 பேர் கொல்லப்பட்டார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை தீர்ப்பாயிற்று. மேன்முறையீடுகளின் முடிவில், 2005இல், எவருமே குற்றவாளியாக எஞ்சவில்லை. சிறுவரைப் பாதுகாக்கும் நெறிமுறையை நாடு ஏற்றுக்கொண்டது செப்டெம்பரில். பிந்துனுவெவ நடந்தது ஒக்டோபரில். இரண்டுக்கும் இடையில் ஏழு கிழமைகூட முழுதாக இல்லை.

பின்னர் 2009. வன்னியிலிருந்து வெளியேறிய மக்களிடம், ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்திருந்தால் பெயர் கொடுக்கும்படி அறிவித்தார்கள். 11,000க்கும் மேற்பட்டோர் புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுள் 594 பேர், 364 ஆண்பிள்ளைகளும் 230 பெண்பிள்ளைகளும், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று தனியாகப் பிரிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு யுனிசெப்பின் உதவியும் கல்வியும் கிடைத்தன. இரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கிப் படித்தவர்களும் அவர்களுள் உண்டு. 2010 மே மாதத்துக்குள் அவர்கள் குடும்பங்களிடம் திரும்பினார்கள். இது நடந்த நன்மைகளுள் ஒன்று. அதை மறைக்க மாட்டோம். வயது சரியாகத் தெரிந்தால் ஒரு பிள்ளையின் வாழ்வு எப்படித் திரும்பும் என்பதற்கு அந்த 594 பேரே சாட்சி. ஆனால் கல்லுக்குச் சற்று அப்பால் நின்றவர்களின் கதையையும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

முகத்தைப் பார்த்து வயது சொல்லலாமா?

தாள் இல்லாவிட்டால் என்ன செய்கிறார்கள்? முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். மீசை அரும்பியிருக்கிறதா, குரல் உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இது எவ்வளவு மோசமான அளவுகோல் என்பது எமது சனங்களுக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதம். தோட்டங்களில் சுமார் 32 வீதம். போதிய உணவு இல்லாமல் வளர்ந்த 17 வயதுப் பெண்பிள்ளை 14 வயதுபோல் இருப்பாள். அதேவேளை வெயிலிலும் மழையிலும் மண்வெட்டி பிடித்த 15 வயதுப் பையனின் கையும் முகமும் 20 வயதைக் காட்டும். பசி வயதைக் குறைக்கிறது. உழைப்பு வயதைக் கூட்டுகிறது. இரண்டும் ஏழையின் உடலிலேயே எழுதப்படுகின்றன.

அடுத்து வைத்தியரிடம் அனுப்புகிறார்கள். பல்லைப் பார்ப்பது, மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுப்பது என்பன வழக்கமான முறைகள். எக்ஸ்ரே என்றவுடன் அது பொய் சொல்லாது என்று நினைக்கிறோம். எலும்பு பொய் சொல்வதில்லைதான். ஆனால் அது பிறந்த திகதியையும் சொல்வதில்லை. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். உலகெங்கும் இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் கிரூலிக்-பைல் என்ற படத்தொகுப்பு, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் வாழ்ந்த, வசதியான வீட்டு வெள்ளைப் பிள்ளைகளின் எலும்புப் படங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. அவர்களின் எலும்பை அளவுகோலாக வைத்து, ரொட்டியும் சாயமும் குடித்து வளர்ந்த எமது பிள்ளையின் எலும்பை வாசித்தால் விடை எப்படிச் சரியாக வரும்? ஈராண்டு முன்னே பின்னே பிழைப்பது சாதாரணம். 16க்கும் 18க்கும் இடையில் வாழ்வே மாறிவிடும் ஒரு பிள்ளைக்கு அந்த ஈராண்டுதான் முழு வழக்கும்.

இது ஏழை நாட்டின் குறை மட்டுமல்ல. 2008க்கும் 2011க்கும் இடையில், அகதிகளை ஏற்றிச்சென்ற படகுகளில் சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் போன இந்தோனேசியச் சிறுவர்களை அவுஸ்திரேலியா பிடித்தது. அவர்களிடமும் பிறப்புத் தாள் இல்லை. மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்துப் பெரியவர்கள் என்று முடிவுசெய்ததால் பலர் பெரியவர்களின் சிறையில் கிடந்தார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழுவே விசாரித்து, அந்த முறை நம்பத்தக்கதல்ல என்று 2012இல் அறிக்கை வெளியிட்டது. பணமும் இயந்திரமும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் குழு இதைப்பற்றித் தெளிவாக வழிகாட்டியுள்ளது. தோற்றத்தை மட்டும் வைத்து வயது தீர்மானிக்கக்கூடாது, மனமுதிர்ச்சியையும் பார்க்கவேண்டும், சந்தேகம் இருந்தால் அதன் பயன் பிள்ளைக்கே கிடைக்கவேண்டும் என்று 2005இல் சொன்னது. எலும்பையும் பல்லையும் மட்டும் நம்பும் முறைகளைத் தவிர்க்கும்படி 2019இல் மேலும் வலியுறுத்தியது.

தாயின் நினைவும் சாட்சியே என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். எமது தாய்மார் திகதி சொல்லமாட்டார்கள். சமாதான உடன்படிக்கை வந்த மாசியில் பிள்ளைக்குப் பல் முளைத்தது என்பார்கள். சுனாமி வந்த வருடம் பாடசாலைக்குச் சேர்த்தோம் என்பார்கள். எழுதத் தெரிந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டால் அதிலிருந்து 2002 பெப்ரவரியும் 2004 டிசம்பரும் வரும். பிள்ளையின் வயது கணக்காகும். குடித்தொகை ஆய்வாளர்கள் ஊரின் நிகழ்வுகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு வயது கேட்பது உலகெங்கும் வழக்கத்தில் உள்ள முறைதான். அதைச் செய்ய எக்ஸ்ரே இயந்திரம் வேண்டாம். மக்களின் மொழி தெரிந்த ஒருவரும் அரை மணித்தியாலமும் போதும்.

எந்த நாளில் எண்ணுவது?

இனி, கல்லுக்குச் சற்று அப்பால் நின்றவர்களிடம் வருவோம். 2006இல் 16 வயதில் ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு போகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 2009இல் அது சரணடையும்போது வயது 19. எண்ணிக்கைப்படி பெரியவர். ஆகவே 594 பேரில் அது இல்லை. குற்றம் இழைக்கப்பட்டது பிள்ளைக்கு. கணக்குத் தீர்க்கப்பட்டது பெரியவரோடு. அந்தப் பிள்ளையை வைத்திருந்தவர்கள் நீண்ட காலம் வைத்திருந்தார்கள் என்பதாலேயே அது தன் பாதுகாப்பை இழந்தது. களவெடுத்த மாட்டைப் பல வருடம் கட்டிவைத்திருந்தால் அது களவெடுத்தவருக்குச் சொந்தமாகிவிடுமா?

நேபாளத்தில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே மாவோயிஸ்டுப் படையினரின் வயதை 2007இல் ஐக்கிய நாடுகளின் குழு சரிபார்த்தபோது, யுத்தநிறுத்த நடத்தை விதிகள் கையொப்பமான 2006 மே 25ஆம் திகதியையே கணக்குக்குரிய நாளாக வைத்தார்கள். 1988 மே 25க்குப் பின் பிறந்தவர்கள், சரிபார்க்கும் நாளில் 19 வயதாக இருந்தாலும், சிறுவர் கணக்கில் சேர்ந்தார்கள். இவ்வாறு 2,973 பேர் சிறுவர்கள் என்று இனங்காணப்பட்டார்கள். அவர்களின் விடுதலை 2010ஆம் ஆண்டு வரை இழுபட்டது உண்மை. 'தகுதியற்றோர்' என்று அவர்களுக்கு ஒட்டிய பெயர் ஊரில் தலைகுனிவையும் தந்தது. ஆயினும் தாமதம் பிள்ளையைப் பெரியவராக்கிவிடக்கூடாது என்ற நியாயம் அங்கே காக்கப்பட்டது. எமது நாட்டிலும் அப்படி ஒரு நாளைக் குறித்திருந்தால், இன்று முப்பது வயதைத் தாண்டி, புனர்வாழ்வு பெற்றவர் என்ற அடையாளத்தோடு வேலைக்கும் கலியாணத்துக்கும் அலையும் பலர், பிள்ளைப் பருவத்தில் அநீதிக்கு ஆளானவர்களாக மதிக்கப்பட்டிருப்பார்கள்.

எதிர்வாதமும் எமது பதிலும்

சந்தேகத்தின் பயனைப் பிள்ளைக்குக் கொடுத்தால் பெரியவர்களும் வயதைக் குறைத்துச் சொல்லித் தப்பிவிடுவார்களே என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். பெரியவர் ஒருவரைச் சிறுவர்களோடு, அதிலும் பெண்பிள்ளைகளோடு, தங்கவைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே வயது ஐயமானவர்களுக்குத் தனி இடமும் கண்காணிப்பும் வேண்டும். விசாரணை விரைவாக முடியவேண்டும். ஆனால் இரண்டு பிழைகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். 19 வயதுக்காரர் ஒருவர் தவறுதலாகச் சில மாதம் பாடசாலையில் இருப்பது ஒரு பிழை. 15 வயதுப் பிள்ளை தவறுதலாகப் பெரியவர்களின் தடுப்பு முகாமில் இருப்பது இன்னொரு பிழை. முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த முடியாது என்பதற்குப் பிந்துனுவெவ சாட்சி.

ஆகையால் எமது நிலைப்பாடு இது. வயதைத் தீர்மானிப்பவர் அந்தப் பிள்ளையைப் பிடித்தவராகவோ தடுத்து வைத்திருப்பவராகவோ இருக்கக்கூடாது. தாள், பதிவேடு, பெற்றோரின் சாட்சி எல்லாவற்றையும் பார்த்தபின் கடைசியாகவே வைத்தியரிடம் போகவேண்டும். ஐயம் தீராவிட்டால் அவர் பிள்ளையே. பிள்ளைக்குத் தீங்கு தொடங்கிய நாளே வயதை எண்ணும் நாள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அரசாங்கத்திடம் கேட்பதோடு எமது கடமை முடிவதில்லை. பிள்ளை பிறந்தால் 42 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மூன்று மாதம் கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவாகச் செய்யவேண்டும். அலைச்சல் கூடும், ஆனால் செய்ய முடியும். பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் நெடுங்காலம் இருந்துவந்தது. பெயர் சொல்வதுபோல அது உத்தேசமே. கூடுமானவரை உண்மையான பிறப்புப் பதிவையே நாடுங்கள். இப்போதைய நடைமுறையைப் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடமாடும் சேவை வரும் நாளில் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பிறப்புத் தாள் இல்லையென்றால் வேறு தடயங்கள் உண்டு. தடுப்பூசித் திகதிகள் எழுதிய கிளினிக் புத்தகம், பாடசாலைச் சேர்வு இடாப்பு, பிள்ளைமடுவத்தின் பதிவு, கோயிலில் எழுதிய திருமுழுக்குப் பதிவேடு ஆகியன பழைய சாட்சிகள். பிரச்சினை வருமுன் எழுதப்பட்டவை என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியாபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தில் கொண்டுவந்த மண்சரிவுகளையும் கண்டவர்கள் நாம். யுத்தம் இல்லாமலும் தாள்கள் ஒரே இரவில் போய்விடும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்லவேண்டும். தோட்டத்தில் பேர் பதிவதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டுவதும், கலியாணத்துக்காகப் பெண்ணின் வயதைக் கூட்டுவதும், கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்ப வயதை மாற்றிச் சொல்வதும் எம்மத்தியில் உள்ள வழக்கங்கள். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. அதையும் தரகர்கள் ஒரு பொய்யால் தாண்டுகிறார்கள். வறுமை அப்படிச் செய்விக்கிறது என்பது எமக்குத் தெரியும். ஆனால் இன்று நாமே நகர்த்திய கல்லை நாளை வேறொருவர் காட்டி, உங்கள் பிள்ளை பெரியவர் என்று நீங்களே சொன்னீர்களே என்பார். அப்போது எமக்குப் பதில் இராது.

மண்ணை இழந்து மீண்டும் மண்ணைப் பிடித்த குடும்பங்கள் நீங்கள். ஒரு துண்டுக் காணியின் எல்லைக்காக எத்தனை முறை கச்சேரிப் படி ஏறியிருப்பீர்கள்! பிள்ளையின் வயதுக்காகவும் அந்தப் படியை ஒருமுறை ஏறுங்கள். அடுத்த மழைக்குமுன் வீட்டிலுள்ள தாள்களை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு இல்லையோ, அந்தப் பிள்ளைக்காக இந்த மாதமே புறப்படுங்கள்.